ஸ்டூவில் போட்ட மரு

அக்கா,

இந்த ஆடியில் மாரியம்மன் கோயிலில் நான் செய்த பாவத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. அம்மன் கழுத்திலிருந்து இறக்கிய மாலையில் ஒரு துண்டைக் கிள்ளிப் பூசாரி என் கையில் கொடுத்தார். மல்லிகைக்கு நடுநடுவே மரு வைத்துக் கட்டிய மாலை. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று முகத்தருகே கொண்டுபோனேன். வாசம் மூக்கில் ஏறியதும் வாயில் எச்சில் ஊறிவிட்டது. விரதம் இருந்த வயிற்றோடு, அம்மனுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டுக் கொதிக்கிற ஆட்டுக்கறியை நினைத்தேன். உங்களையும் நினைத்தேன். கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பெண், "நொம்ப பக்தீங்க உங்களுக்கு" என்றாள். ஆமாங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் மரு என்றால் பூக்கடை. சாம்பல் பூத்தாற்போல் சின்னச் சின்ன இலை, கிள்ளினால் கையைவிட்டுப் போகாத வாசம். சாமிக்கு வைப்பார்கள், கல்யாணப் பெண்ணின் சடையில் வைப்பார்கள், கடைசியில் பாடை மாலையிலும் வைப்பார்கள். அதை வாயில் வைக்கலாம் என்று நாகலூரில் யாருக்கும் தோன்றியதில்லை. உங்களுக்குத் தோன்றியது. தோன்றியதை நேராகச் சொல்லியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

நீங்கள் வந்த நாள் நல்ல மழை. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் என் மெஸ்ஸின் தகரக் கூரை போட்ட சத்தத்தில் நீங்கள் பேசியது பாதி கேட்கவில்லை. குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, "பங்களாவுல சமையல் பண்ணிட்டிருந்தனுங்க. இப்ப அதை ரிசார்ட் ஆக்கிட்டாங்க. இங்க எதாச்சும் வேலை கெடைக்குமுங்களா?" என்று கேட்டீர்கள். எனக்கு அப்போதே உறுத்தியது. ஆயுசுக்கும் பங்களாவில் சமைத்தவர், எஸ்டேட் ஆட்களும் ஜீப் டிரைவர்களும் சாப்பிடுகிற கொட்டகைக்கு ஏன் வரவேண்டும்? அங்கே வெள்ளி ஸ்பூன் ஏதாவது காணாமல் போயிருக்குமோ? கேள்வி வாய்வரை வந்தது. ஆனால் என் சமையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயிருந்த வாரம் அது. வாயை மூடிக்கொண்டு கரண்டியை நீட்டினேன்.

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்க்காமல் இறக்க விடமாட்டேன். முட்டையை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று கதவுக்குப் பின்னால் நின்று டம்ளரைத் தட்டிப் பார்த்தவள் நான். வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்பதை நான் பழமொழியாகக் கற்றுக்கொள்ளவில்லை. பால்காரரிடம் கற்றுக்கொண்டேன். இப்படிப்பட்டவளிடம் வந்து, ரகசியம் வைத்துக்கொண்டு சமைக்கலாம் என்று நினைத்தீர்களே, உங்கள் துணிச்சலை என்னவென்று சொல்வது?

வந்த வாரமே ஆட்டுக்கறி ஸ்டூ வைத்தீர்கள். மிளகாய்த் தூள் இல்லாமல், மிளகும் பட்டையும் மட்டும் தட்டிப் போட்டு, மாவு கரைத்து ஊற்றிய வெளிறிய குழம்பு. இதை எவன் தொடுவான் என்று நினைத்தேன். மதியம் இரண்டு மணிக்குச் சட்டியில் கரண்டி தட்டியது. மறுநாள் மஞ்சக்குட்டை ஜீப் ஸ்டாண்டில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இறக்குகிற நேரத்தில் நீங்கள் என்னைப் பார்த்து, "கொஞ்சம் வெளிய நில்லு கண்ணு" என்பீர்கள். என் அடுப்படியில் என்னையே வெளியே நிற்கச் சொல்வீர்கள்! இடுப்பில் செருகிய சுருக்குப் பையை அவிழ்க்கும் சத்தம் கேட்கும். பிறகு மூடி போடும் சத்தம். பிறகு, "இப்ப வா கண்ணு."

முதலில் நான் நினைத்தது மருந்து என்றுதான். ஊரில் எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது. சோற்றில் மருந்து வைத்து ஆளை மயக்கித் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். வைத்தவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவான் தின்றவன். மலையடிவாரத்தில் அந்த மருந்தை வயிற்றிலிருந்து எடுக்கிறவர்கள்கூட இருந்தார்கள். இல்லாவிட்டால், காரம் இல்லாத ஒரு குழம்புக்கு டிரைவர்கள் மழையில் நனைந்துகொண்டு வருவார்களா? நான் ஒரு வாரம் அந்தச் சட்டியில் கை வைக்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லித் தயிர்ச் சோறு தின்றேன். நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். உங்கள் தட்டிலும் நீங்கள் ஸ்டூ போட்டுச் சாப்பிடுவதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். வைத்தவளே தின்பாளா? அந்த ஒரு காரணத்தால்தான் எட்டாம் நாள் வாயில் வைத்தேன். அதற்குப் பிறகு ஒருநாளும் விடவில்லை, அது வேறு கதை.

மூக்கு நீளமான ஒருவன் எங்கேயும் இருப்பான். நம் கடையில் அது மஞ்சக்குட்டை ஜீப்காரன். தினமும் ஸ்டூ தின்கிறவன், ஒருநாள் தட்டைத் தூக்கி முகர்ந்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"ஏனுங்க, கொழம்புல மாலை வாசம் அடிக்குதுங்களே?"

மென்றுகொண்டிருந்த வாயெல்லாம் நின்றது.

"என்ன மாலை?" என்றேன்.

"பூ மாலைங்க. மரு வாசம். எங்க அப்பாரு செத்தன்னைக்கு ஊடு பூரா இதே வாசந்தானுங்க."

இன்னொருவர், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர், கையைக் கழுவிவிட்டு மெதுவாகச் சொன்னார். "அந்தம்மா திங்கக்கெழமையானா கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போறதை நான் பாத்திருக்கறனுங்க. அங்க கெடக்கற மாலையில இருந்து…" முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பாதித் தட்டுகள் அப்படியே நின்றன. நீங்கள் அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள்.

அன்று மாலை நான் கேட்டேன். "ஏனுங்கக்கா, அது மருவா?"

"மருதான்."

"எங்கிருந்து கொண்டாறீங்க?"

"நல்ல எடத்துல இருந்துதான் கண்ணு."

நல்ல இடம் என்று எந்தத் திருடனும் சொல்வான். அடுத்த நாள் கடையில் கூட்டம் பாதி. அதற்கடுத்த நாள் அதிலும் பாதி. என் பிழைப்பே அந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான். பிணத்துக்குப் போட்ட மாலையைக் குழம்பில் போட்ட கடை என்று பெயர் வாங்கினால், ஏற்காட்டில் மட்டுமல்ல, சேலத்தில்கூட ஒரு டீக்கடை வைக்க முடியாது. திங்கட்கிழமை வரட்டும் என்று காத்திருந்தேன்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். கடையைச் சாத்திவிட்டு நானும் கிளம்பினேன். நீங்கள் முன்னால், நான் வளைவுக்குப் பின்னால். கல்லறைத் தோட்டம் வந்தது. நீங்கள் கேட் அருகே நின்று சிலுவை போட்டுக்கொண்டீர்கள். உள்ளே போகவில்லை. நேராக நடந்தீர்கள். காப்பித் தோட்டத்துக்குள் இறங்கி, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போய், நீங்கள் முன்பு சமைத்த பங்களாவின் பின்பக்கக் கம்பி வேலியைத் தூக்கிப் பிடித்து, அந்த வயதில், அந்த உடம்போடு, குனிந்து உள்ளே நுழைந்தீர்கள். சேலை கம்பியில் மாட்டியதை ஒரு இழுப்பில் விடுவித்துக்கொண்டீர்கள். பழகிய கை.

நானும் நுழைந்தேன். என் சேலை கிழிந்தது.

சமையலறைச் சுவரை ஒட்டி, செங்கல் வரிசைக்குள் ஒரு பாத்தி. அது முழுக்க மரு. நீங்கள் உட்கார்ந்து நுனியாகக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டிருந்தீர்கள். திரும்பிப் பார்க்காமலே பேசினீர்கள்.

"வந்துட்டயா கண்ணு. போன திங்கக்கெழமையே வருவேன்னு நெனச்சேன்."

"ஏனுங்கக்கா, இது திருட்டில்லீங்களா?"

"என்ற கையால நட்ட செடி. இதுல எங்க திருட்டு?"

"செடி உங்குளுது. மண்ணு அவுங்குளுதுதானுங்களே?"

"மண்ணை நான் எடுக்கலியே."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. வந்த கோபத்தை விட மனமில்லாமல் அடக்கிக்கொண்டேன். பிறகு அங்கேயே உட்கார வைத்து எல்லாம் சொன்னீர்கள். பங்களாவில் கடைசிவரை இருந்த வயதான வெள்ளைக்காரத் துரைசானி தபாலில் வரவழைத்த விதை. அவர்கள் பக்கம் இது சமையல் இலை. "அவங்க ஊர்ல இதைத் தலையில வெக்க மாட்டாங்களாம் கண்ணு. கறியில, பீன்ஸுல, முட்டையில போடுவாங்களாம். மொதல்ல பாத்தப்ப எனக்கும் ஆகல. சாமிக்குப் போடறதை இப்பிடிக் கொதிக்க வெக்கறாங்களேன்னு அந்த ஊட்டுல ஒரு வாரம் நான் கஞ்சி குடிச்சேன்." என் தயிர்ச் சோறு நினைவுக்கு வந்தது. நான் சொல்லவில்லை. நீங்கள் அப்போதே கண்டுபிடித்திருப்பீர்கள் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு.

பூக்கடையில் வாங்கினால் என்ன என்று கேட்டேன். பூச்சிமருந்து அடித்தது, தண்ணீர் தெளித்துத் தெளித்து வாசம் செத்தது என்றீர்கள். அது நியாயம். சரி, ஒரு கொப்பை ஒடித்து நம் கடைக்குப் பின்னால் நட்டால் வராதா என்று கேட்டேன்.

"வரும். நொம்ப நல்லா வரும்."

"அப்பறம் ஏன் நடல?"

கிள்ளுவதை நிறுத்தினீர்கள். "இந்தப் பங்களாவை வாங்குனவங்க புதுசா ஒரு சமையக்காரனை வெச்சாங்க. அவனுக்கு எல்லாம் சொல்லிக் குடுங்கம்மான்னாங்க. ஒண்ணு விடாம சொல்லிக் குடுத்தேன். அவன் கத்து முடிச்சான். நீங்க ஊட்டுல போயி ரெஸ்ட் எடுங்கன்னுட்டாங்க. செடி உன்ற கடைக்குப் பின்னால வந்துட்டா, அப்பறம் நான் எதுக்குக் கண்ணு?"

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை நாள் நான் உங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தீர்கள்! நான் வெளியே நின்றபோதெல்லாம் நீங்கள் உள்ளே நின்று என்னை எடை போட்டிருக்கிறீர்கள்.

"நான் அப்பிடிப்பட்டவளாக்கா?" என்று கத்திவிட்டேன்.

"அவங்களும் நல்லவங்கதான் கண்ணு," என்றீர்கள். "நல்லவங்கதான் ரெஸ்ட் எடுன்னு சொல்லுவாங்க."



மறுநாள் நீங்களே ஒரு கொத்து மருவைத் தட்டில் வைத்து ஜீப்காரன் முன்னால் போட்டீர்கள். "மாலையில இருந்து எடுத்ததில்லீங்க. செடியில இருந்து. வேணும்னா மென்னு பாருங்க" என்றீர்கள். அவன் ஒரு இலையைக் கிள்ளி மென்றான். கடையே அவன் வாயைப் பார்த்தது. விழுங்கிவிட்டு, "ஒரு ஸ்டூ குடுங்க" என்றான். கூட்டம் திரும்பி வந்தது. ரைட்டர் மட்டும் ஸ்டூவைத் தொடவில்லை. சாமிக்குப் போடுவது சாமிக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. இன்றைக்கும் அவர் நம் கடையில் டீ மட்டும்தான் குடிக்கிறார், அதையும் முகர்ந்து பார்த்துவிட்டு.

நான் உங்களோடு இரண்டு வாரம் பேசவில்லை. திங்கட்கிழமை மட்டும் கூட வந்தேன். நீங்கள் கிள்ளும்போது வேலிப் பக்கம் நின்று ஆள் வருகிறதா என்று பார்த்தேன். கோபம் கோபமாக இருந்தாலும் சரக்கு வந்தாக வேண்டுமே. அதன் பிறகு அது நம் வழக்கமாகிவிட்டது. வாட்ச்மேன் ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உங்கள் கையால் சாப்பிட்டவராக இருக்க வேண்டும்.

போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னீர்கள். நிழலில் காயவைக்க வேண்டும். காய்ந்தால் வாசம் குறையாது, கூடும். கத்தி படக்கூடாது, உள்ளங்கையில் கசக்க வேண்டும். அடுப்பில் இருக்கும்போது போட்டால் போட்டது வீண். இறக்கிய பிறகுதான் போட்டு மூட வேண்டும். எல்லாம் சொன்னீர்கள். ஆனால் இறக்குகிற நேரம் வந்தால் மறுபடி, "கொஞ்சம் வெளிய நில்லு கண்ணு." எல்லாம் தெரிந்த பிறகும் ஏன் வெளியே? ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் சர்ச்சுக்குப் பூசைக்குப் போயிருந்தபோது, அதே கறி, அதே மரு, நீங்கள் சொன்ன அதே மாதிரி செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது இல்லை. ஏதோ ஒன்று குறைந்தது. நீங்கள் திரும்பி வந்து மூடியைத் திறந்து பார்த்தீர்கள், மூடினீர்கள். உங்கள் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடியது. நான் பார்த்தேன் அக்கா. இல்லை என்று சொல்லாதீர்கள்.

போன மழைக்காலத்தில் நீங்கள் படுத்தீர்கள். மூச்சு வாங்கியது. சேலம் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் நீங்கள் இருந்த வீட்டுக்கு டிபன் கேரியரில் ஸ்டூ கொண்டுவந்தேன். தலையணையைச் சாய்த்து உட்கார வைத்து ஒரு ஸ்பூன் ஊட்டினேன். கண்ணை மூடி, நாக்கில் வைத்துப் பார்த்தீர்கள்.

"நல்லா இருக்குது கண்ணு."

"ஏதோ கொறையுதுங்களாக்கா?"

"கொறையுது."

"என்னன்னு சொல்லுங்கக்கா."

உங்கள் கையை எடுத்து என் கைமேல் வைத்தீர்கள். காய்ந்த இலை மாதிரி எடையே இல்லை. "நான் வந்து போடறேன்" என்றீர்கள்.

அந்த வாரமே போய்விட்டீர்கள்.

அழுதேன். ஆனால் அழுகைக்கு நடுவிலும் எனக்குக் கோபம்தான். படுக்கையில் இருந்துகொண்டு, எழுந்திருக்க மாட்டோம் என்று தெரிந்தும், வந்து போடுகிறேன் என்றால் என்ன அர்த்தம்? உங்கள் அடக்கம் முடிந்த வாரம் தனியாக அந்த வேலிக்குள் நுழைந்து ஒரு கொப்பு ஒடித்து வந்து கடைக்குப் பின்னால் நட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே நொம்ப நன்றாக வந்தது. இப்போது பாத்தி பிடித்துக் கிடக்கிறது. மைசூரில் இருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெண், பிட்சாவில் தூவுகிற இலைக்கு இது தங்கச்சி முறை என்றாள். இருக்கலாம். நான் கேட்டுக்கொண்டேன், நம்பினேனா என்று கேட்காதீர்கள்.

சட்டி தினமும் காலியாகிறது. ஜீப்காரன், "அந்தம்மா வெச்சதேதானுங்க" என்கிறான். அவன் நாக்கை நான் நம்புவதில்லை. ஜாதிபத்திரி போட்டுப் பார்த்தேன். எலுமிச்சை இலை போட்டுப் பார்த்தேன். மிளகைப் பச்சையாகத் தட்டிப் பார்த்தேன். மூடியைத் துணி கட்டி மூடிப் பார்த்தேன். பக்கத்தில் வருகிறது, நிற்காமல் நழுவிவிடுகிறது.

இப்போது எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, அந்தச் சுருக்குப் பையில் மருவோடு வேறு ஏதோ இருந்தது. மற்றது, அதில் வேறு எதுவுமே இல்லை. வெறும் மருவைக் கசக்கிப் போட்டுவிட்டு, ஒன்று பாக்கி இருக்கிறது என்று நான் நம்ப வேண்டும் என்பதற்காகவே இத்தனை வருஷம் என்னை வெளியே நிற்க வைத்தீர்கள். சில நாள் முதலாவதுதான் என்று சத்தியம் செய்வேன். சில நாள் இரண்டாவது. அடுப்படியில் நான் தனியாகப் பேசுகிறேன் என்று புதிதாக வந்த வேலைக்காரி வெளியே சொல்லியிருக்கிறாள். தனியாக எங்கே பேசினேன்? உங்களோடுதான் சண்டை போடுகிறேன்.

எல்லாம் கற்று முடித்தால் உங்களை ஊட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று பயந்தீர்களே அக்கா. நான் இன்னும் கற்று முடிக்கவில்லை. நீங்கள் இன்னும் வேலையில்தான் இருக்கிறீர்கள்.